அந்த வீட்டுக்கு யார் பொறுப்பு?

ஆன்சைட்டுக்கு பாஸ்டன் போயிருந்தப்போ ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு ஒரே பொழுதுபோக்கு நடைதான். சார்லஸ் ஆத்து மேல ஹார்வர்ட் பாலம்னு ஒண்ணு இருக்கு. பேருதான் ஹார்வர்ட், போய் இறங்குறது என்னவோ எம்.ஐ.டி. வாசல்ல. (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லீங்க, மாசசூசெட்ஸ்!) அந்தப் பாலத்து நடைபாதையில வரிசையா கோடு கிழிச்சு எண் எழுதியிருக்கும். அது அடிக்கணக்கும் இல்ல, மீட்டரும் இல்ல. 'ஸ்மூட்' கணக்கு.

1958 அக்டோபர்ல, லாம்டா கை ஆல்ஃபாங்கிற மாணவர் சங்கத்துல புதுசா சேர்ந்த பையன் ஆலிவர் ஸ்மூட். உயரம் 5 அடி 7 அங்குலம். இவனை வெச்சு பாலத்தை அளந்துட்டு வரணும்னு உத்தரவு. படுத்தான், கோடு போட்டாங்க, எழுந்தான், திரும்பவும் படுத்தான். ஒரு கட்டத்துல முடியாமப் போக, கூட இருந்தவங்க தூக்கிட்டுப் போய்ப் படுக்க வெச்சாங்க. பாலத்தின் நீளம் 364.4 ஸ்மூட், கூட ஒரு காது! இதே ஸ்மூட் பின்னாளில் உலகத்துக்கே அளவு நிர்ணயிக்கிற ஐ.எஸ்.ஓ. அமைப்புக்குத் தலைவரானார்.

இதைப் படிச்சதும் எனக்கு எங்க ஹாஸ்டல் ஞாபகம் வந்துச்சு. முதல் வருஷம் சீனியர்கள் கையில ஒரு தீக்குச்சியைக் கொடுத்து வராண்டாவை அளக்கச் சொன்னாங்க. அளந்தேன். அடுத்த வருஷம் நானும் ஒரு பையன் கையில தீக்குச்சியைக் கொடுத்தேன். ரெண்டு தடவையும் எல்லாரும் சிரிச்சோம். அந்தப் பையன் சிரிச்சானாங்கிறது மட்டும் இன்னிக்கு யோசிச்சா ஞாபகம் வரல.

சரி, கதைக்கு வருவோம்.

அமெரிக்காவுல கிரேக்க எழுத்துப் பேர் வெச்ச மாணவர் சங்கம் 1776 டிசம்பர் 5-ல, வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில ஆரம்பிச்சது. பேரு ஃபை பீட்டா கப்பா. அது படிப்பாளிகள் சங்கமாவே நின்னுடுச்சு. இப்ப நாம 'ஃபிரட்டர்னிட்டி'ன்னு சொல்றது நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில 1825-ல கப்பா ஆல்ஃபா சொசைட்டியோட வேர்விட்டது. பொண்ணுங்களும் சும்மா இருக்கல. 1867-ல இல்லினாய்ஸின் மான்மவுத் கல்லூரியில ஆரம்பிச்ச சங்கம்தான் இன்னைய பை பீட்டா ஃபை. கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்காத காலத்துல அவங்களே 1906-ல கார்னெல்ல ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினாங்க. மார்ட்டின் லூதர் கிங் அதோட உறுப்பினர்.

சங்கம் வீடா மாறினதுக்குக் காரணம் ரொம்ப சாதாரணம். பல கல்லூரிகள்ல பசங்க தங்க போதுமான இடம் இல்ல. எம்.ஐ.டி.யே நல்ல உதாரணம். ஆரம்பத்துல அது பாஸ்டன் பேக் பே பகுதியில இருந்தது, 1916-லதான் ஆத்தைத் தாண்டி கேம்பிரிட்ஜ் போச்சு. பல சங்க வீடுகள் பாஸ்டன் கரையிலயே தங்கிடுச்சு. கல்லூரி ஒரு கரை, வீடு ஒரு கரை, நடுவுல ஸ்மூட் பாலம். கிரேக்க எழுத்து வேண்டாம்னு நினைச்சவங்க தனியா கூட்டுக் குடித்தனம் அமைச்சாங்க, 1976-ல ஆரம்பிச்ச பெண்கள் வீடு உட்பட. பல வீடுகளுக்குச் சொந்தக்காரங்க முன்னாள் மாணவர்கள். உள்ளே சமையல், கணக்கு, ரிப்பேர் எல்லாத்துலயும் பசங்க ராஜ்ஜியம்.

அப்ப கல்லூரிக்கு அங்க என்ன வேலை? நூறு வருஷத்துக்கு மேல இழுத்த கேள்வி இது. 1909-ல இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துல 'ஆண்கள் டீன்' பதவிக்கு வந்த தாமஸ் ஆர்க்கிள் கிளார்க், பசங்களுக்கு அப்பா ஸ்தானத்துல இருந்து கண்டிச்சவர். அவரே ஒரு சங்கத்தின் தேசியத் தலைவராவும் இருந்தவர். 1960-கள்ல அந்த அப்பா ஸ்தானம் ஆட்டம் கண்டுச்சு. மாணவர்களும் உரிமையுள்ள குடிமக்கள்தான், விசாரிக்காம வெளியேத்தக் கூடாதுன்னு 1961-ல ஒரு அப்பீல் கோர்ட் சொன்னது. 1976-ல சங்க ஆலோசகர்களே தங்களுக்குன்னு ஒரு அமைப்பு வெச்சுக்கிட்டாங்க. அட்டென்டன்ஸ் எடுக்கிற வார்டன் போய், அட்வைசர் வந்தாச்சு.

இங்கதான் சிக்கல். 1980-ல டெலவேர் பல்கலைக்கழகத்துல ஒரு சங்கத்துல சேர வந்த பையன் மேல அடுப்பு சுத்தம் பண்ற ரசாயனத்தை ஊத்தி, உடம்பு வெந்து போச்சு. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 1991-ல தீர்ப்பு: இந்தக் கொடுமையைக் கட்டுப்படுத்தறேன்னு பல்கலைக்கழகம் இறங்கிடுச்சு, அதனால அதுக்குப் பொறுப்பும் உண்டு. வக்கீல் கண்ணோட்டத்துல பாத்தா, தலையிட்டா மாட்டுவோம், தலையிடாட்டி தப்பிக்கலாம்! தலையிடாட்டி என்ன ஆகும்னு 1997-ல தெரிஞ்சது.

அந்த செப்டம்பர்ல எம்.ஐ.டி. முதலாண்டு மாணவன் ஒருத்தன், 18 வயசு, பாஸ்டன் கரையில இருந்த ஃபை காமா டெல்டா வீட்டுல, சேரும் சடங்கு ராத்திரியில மயங்கிக் கிடந்தான். ரத்தத்துல மதுவின் அளவு 0.41 சதவீதம். வண்டி ஓட்டுறவங்களுக்கு அமெரிக்காவுல வெச்சிருக்கிற 0.08 எல்லையைப் போல அஞ்சு மடங்கு. சில நாள்ல ஆஸ்பத்திரியிலேயே இறந்துட்டான். அவன் அந்த ஊருக்கு வந்தே சுமார் அஞ்சு வாரம்தான். வந்ததும் வராததுமா பசங்க வீட்டைத் தேர்ந்தெடுத்துடணும், அதுதான் அங்க பழக்கம். அதுல கல்லூரிக்கு ஒரு சௌகரியம், முதலாண்டு பசங்க எல்லாருக்கும் ஹாஸ்டல் கட்ட வேண்டியதில்ல.

1998-ல அந்தச் சங்கத்து மேல குற்றப்பத்திரிகை பதிவாச்சு. ஆனா சங்கம் அதுக்குள்ள கலைஞ்சுபோச்சு, கூண்டுல நிக்க ஆளே இல்ல. 2000-ல எம்.ஐ.டி. 60 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செஞ்சுது. தலைவர் சார்லஸ் வெஸ்ட் பெற்றோர்கிட்ட மன்னிப்புக் கேட்டார். 2002-லேர்ந்து முதலாண்டு மாணவர்கள் எல்லாரும் கல்லூரி வளாகத்துலதான் தங்கணும்னு விதி வந்தது. அதே வருஷம் சிம்மன்ஸ் ஹால் திறந்தாங்க. சங்க வீடுகள்ல ஒரு மேல்படிப்பு மாணவர் ஆலோசகரா கூடவே தங்கற ஏற்பாடும் வந்தது. டீன் இல்ல, போலீஸ் இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு "போதும்டா, ஆம்புலன்ஸைக் கூப்பிடு"ன்னு சொல்ற ஒரு அண்ணன்.

வேற வழியும் சிலர் பாத்தாங்க. வில்லியம்ஸ் கல்லூரி 1962-லயும், கோல்பி 1984-லயும் சங்கங்களையே ஒழிச்சுட்டாங்க. 2024 டிசம்பர்ல, கல்லூரிகள் இந்தக் கொடுமைகளைக் கணக்கெடுத்து வெளியிடணும்னு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமே வந்தாச்சு.

நம்ம ஊருல ராகிங் தடைச் சட்டம் வந்ததும் 1997-லதான், அதுவும் ஒரு மாணவனின் கொலைக்கு அப்புறம். ஒரு உயிர் போனாத்தான் பெரியவங்களுக்கு வழி கண்ணுக்குத் தெரியும் போல.

ஸ்மூட் பாலத்துல படுத்ததும், 1997-ல நடந்ததும் ஒரே பழக்கத்தோட ரெண்டு முனை. நடுவுல எங்க கோடு போடணும்னு உள்ள இருக்கிற பசங்களுக்குத் தெரியாது. தீக்குச்சி கொடுத்த எனக்கும் தெரியல. எங்க ஹாஸ்டல்ல வார்டன் மாடிப்படி ஏறி நான் பார்த்ததே இல்ல.

உங்க ஹாஸ்டல்ல அப்படி ஒரு அண்ணன் இருந்தாரா? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.