பெற்றோர் அறியப்படாதோர்: மலையகக் குடிவழிப் பதிவு பற்றிய ஒரு குறிப்பு

குடிவழி வரையும் கணினிச் செயலிகள் பலவும் தரவுப் பரிமாற்றத்துக்குக் கையாளும் கெட்கொம் வடிவம், அண்ணனையும் தங்கையையும் பெற்றோரின் குடும்பப் பதிவு வழியாகவே இணைக்கின்றது. மலையகத் தோட்டத் தொழிலாளரின் மூதாதையரைப் பதிய முற்படுகையில் நாம் இடர்ப்படுவது இவ்விடத்திலேயே. கோப்பித் தோட்டக் காலத்தில் கங்காணியின் கீழ் ஒருங்கே வந்த உடன்பிறந்தார் இருவரின் பெயர்கள் வாய்மொழியில் எஞ்சியிருக்கும். பெற்றோர் பெயர் இராது. தோட்டத்துச் செக்றோல் வேலைநாளையும் கூலியையும் கணக்கிட எழுந்தது. தொழிலாளியின் பாட்டன் யாரென அறியும் தேவை மூலதனத்துக்கு இருக்கவில்லை.

அத்தேவை 1948இல் அரசுக்கு ஏற்பட்டது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவரிடமும், தந்தை இங்கு பிறந்தமைக்கோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமைக்கோ சான்று கோரிற்று. (தாய்வழி கணக்கிற் கொள்ளப்படவில்லை, கொழுந்து பறித்தோரிற் பெரும்பாலோர் பெண்கள்!) பதியப்படாமை உரிமையின்மையாயிற்று. நாடற்றோர் பொருட்டு 2003இலும் தனிச் சட்டம் ஒன்று வேண்டியிருந்தது.

ஆதலின் பெற்றோர் கட்டத்தில் 'தெரியாது' என்பதைப் பெயராக எழுதுதல் பொருந்தாது. தொடர்பற்ற பலரை ஒருவரெனக் கொள்ள அது இடமளிக்கும். பெற்றோர் பெயரின்றிப் பிள்ளைகளை மட்டும் கொண்ட குடும்பப் பதிவைக் கெட்கொம் ஏற்கும். பெயரிடத்தை வெறுமையாக விட்டு, எப்பதிவேடுகள் தேடப்பட்டன, அவை யாருடைய தேவைக்கு எழுதப்பட்டவை என்பவற்றைக் குறிப்பிற் சேர்த்தல் வேண்டும்.