டிரெய்லர் இணைப்பு ஆடுகிறதா? முதலில் உருண்டையின் அளவைப் பாருங்கள்

படகு, ஜெட் ஸ்கி, சந்தைப் பொருள் என்று எதை ஏற்றினாலும், சிறிய டிரெய்லரை வாகனத்தோடு பிடித்து வைப்பது ஓர் இரும்பு உருண்டையும் அதன்மேல் கவிழும் கப்ளரும்தான். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றால், மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது டிரெய்லர் கழன்று பின்னால் வருபவர் மீது மோதக்கூடும். ‘டக் டக்’ என்ற சத்தம் அதற்கான முன்னெச்சரிக்கையாக இருக்கலாம்.

அளவுகள் என்னென்ன?

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 50 மில்லிமீட்டர் உருண்டையே வழக்கம். அமெரிக்க வகைகளில் 1⅞ அங்குலம் (47.6 மி.மீ.), 2 அங்குலம் (50.8 மி.மீ.), 2 5/16 அங்குலம் (58.7 மி.மீ.) ஆகிய மூன்றும் பரவலாக உள்ளன. இறக்குமதிப் பொருள்களையும் பழைய பொருள்களையும் கலந்து பயன்படுத்தும்போதுதான் குழப்பம் வருகிறது.

மிகவும் ஆபத்தானது, 2 அங்குலக் கப்ளரை 1⅞ அங்குல உருண்டையில் மாட்டுவது. கைப்பிடி ஒழுங்காகப் பூட்டிக்கொள்ளும்; பார்வைக்குக் குறை தெரியாது. ஆனால் ஒரு குலுக்கலில் கப்ளர் மேலே எகிறிவிடலாம். மாறாக, 50 மி.மீ. கப்ளரை 2 அங்குல உருண்டையில் வைத்தால் 0.8 மி.மீ. வேறுபாட்டால் பூட்டு முழுமையாக இறங்காமல் போகலாம். அதைச் சுத்தியலால் தட்டி இறக்கக் கூடாது.

எப்படிச் சரிபார்ப்பது?

அளவும் தாங்கும் எடையும் பொதுவாக உருண்டையின் மேற்புறத்திலும் கப்ளரின் மேலேயோ பக்கவாட்டிலோ பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்து தேய்ந்திருந்தால் வெர்னியர் அளவுகோலால் உருண்டையைப் பல திசைகளில் அளக்க வேண்டும். 50 மி.மீ. உருண்டை எந்த இடத்திலாவது 49 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்தால் அதை மாற்றிவிட வேண்டும்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கண்டறிய வேண்டும். உருண்டையின் அடியிலுள்ள நட்டு தளர்ந்திருக்கலாம். டோ பாருக்குள் செருகிய இரும்புத்தண்டு ஆடலாம். இவை இரண்டும் இறுக்கமாக இருந்தால்தான் குறை கப்ளரில் என்று முடிவுசெய்யலாம்.

கப்ளரை இறுக்கும் முறை

1. சமதளத்தில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, டிரெய்லர் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள்.

2. கப்ளரைக் கழற்றி உட்புறத்தைத் துடையுங்கள். விரிசல், வளைந்த கைப்பிடி, விரிந்த விளிம்பு தென்பட்டால் இறுக்கிப் பயனில்லை. கப்ளரையே மாற்ற வேண்டும்.

3. பல கப்ளர்களின் அடியில், உருண்டையைக் கவ்வும் தகட்டுக்குக் கீழே, சரிசெய்யும் நட்டு இருக்கும். அதைக் கால் சுற்று இறுக்கி, மீண்டும் மாட்டிப் பூட்டிப் பாருங்கள்.

4. கைப்பிடி கையாலேயே உறுதியாக மூட வேண்டும். மூட மறுத்தால் இறுக்கம் அதிகம், சற்றுத் தளர்த்துங்கள். திரும்புவதற்குச் சிறிது இடைவெளி தேவை என்பதால், துளியும் அசையாத அளவுக்கு இறுக்க வேண்டியதில்லை.

5. பூட்டு ஊசியைச் செருகியபின், டிரெய்லரின் முன்பக்க ஜாக்கியால் கப்ளரை மேலே உயர்த்துங்கள். வாகனத்தின் பின்பகுதியும் சேர்ந்து எழும்பினால் பிடி சரி. கப்ளர் மட்டும் தனியே எழும்பினால் அந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டு போகக் கூடாது.

சில கப்ளர்களில் இந்த நட்டு இருக்காது. அவற்றில் தேய்மானத்தைக் காட்டும் குறி இருந்தால் அதைப் பார்த்து, தேவையானால் புதியதைப் பொருத்துவதே வழி. சட்டத்தோடு பற்றவைத்த கப்ளரை மாற்றும் வேலையை அனுபவமுள்ள பட்டறையிடம் விடுவது நல்லது.

கவனிக்க வேண்டிய மற்றவை

சாதாரண உருண்டைக்குச் சிறிது கிரீஸ் தடவினால் தேய்மானம் குறையும். ஆனால் ஆட்டத்தைத் தடுக்க உராய்வுத் தகடு பொருத்தப்பட்ட கப்ளர்களில் கிரீஸ் படவே கூடாது.

உருண்டை, கப்ளர், டோ பார், வாகனம் ஆகிய நான்கிலும் எது குறைந்த எடையைத் தாங்குமோ அதுவே மொத்த வரம்பு. 2,000 கிலோ தாங்கும் கப்ளரை 900 கிலோ உருண்டையில் மாட்டினால், இழுக்கக்கூடியது 900 கிலோதான்.

பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். உருண்டையிலிருந்து கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு சாலையில் குத்தாமல் சங்கிலி ஏந்திக்கொள்ளும். வளைவில் திரும்பும் அளவுக்கு நீளம் தேவை. தரையில் இழுபடவும் கூடாது.

டோ பார் பொருத்தும் முன், அதற்கான விதிமுறைகளை மலேசியாவில் சாலைப் போக்குவரத்து இலாகாவிடமும், சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்திடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். புறப்பட்டுச் சில கிலோமீட்டர் சென்றதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பூட்டையும் ஊசியையும் சங்கிலியையும் இன்னொரு முறை தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.