பெருமுக்கல்: போர்க்காலங்களில் ஊர் வாழ்க்கை

பெருமுக்கல், விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் வட்டத்தில், திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையே ஒரு பாறைக்குன்றின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஆற்காட்டு நவாபுகள், மைசூரின் ஹைதர் அலி ஆகியோரிடையே நடந்த போர்களில் இக்குன்றின் மேலிருந்த கோட்டை பலமுறை தாக்கப்பட்டுக் கைமாறியது. அக்கால ஐரோப்பிய ஆவணங்களில் பெர்மக்கோயில் என்று வருவது இவ்வூரே. 20ஆம் நூற்றாண்டின் இரண்டு உலகப் போர்களிலும் இந்த வட்டாரத்தில் சண்டை நடக்கவில்லை. ஆனாலும் விலைவாசியும் பங்கீடும் போரை வீட்டுக்குள் கொண்டுவந்தன. இக்கட்டுரை பெருமுக்கலையும் அதைச் சுற்றியுள்ள மரக்காணம் உப்பளக் கரையையும் எடுத்துக்கொண்டு, போர்க்காலத்தில் குடிகளின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது என்பதைக் கூறுகிறது.

இடமும் பின்னணியும்

இது பழைய ஓய்மாநாட்டுப் பகுதி. சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடனின் நாடு இது. அந்நூல் கூறும் எயிற்பட்டினத்தை ஆய்வாளர்கள் மரக்காணத்தோடு பொருத்துகின்றனர். பெருமுக்கல் குன்றின் மேல் முக்தியாலீசுவரர் கோயில் உள்ளது. அதில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குன்றிலுள்ள குகையில் பாறைக்கீறல்கள் காணப்படுகின்றன. அக்குகையைச் சீதையோடும் வால்மீகியோடும் இணைத்துப் பேசுவது ஊர் வழக்கு.

ஊருக்கு மேற்கே ஏரிப்பாசன நெல்வயலும் மானாவாரிப் புன்செய்யும், கிழக்கே கழுவெளி என்ற பெரிய உவர்நீர்ப் பரப்பும் மரக்காணத்து உப்பளங்களும் உள்ளன. உள்நாட்டு நெல்லும் கடற்கரை உப்பும் மாறிச் செல்லும் வழியில் ஊர் அமைந்தது. மேற்கே செஞ்சி, தெற்கே புதுச்சேரி, வடக்கே வந்தவாசியும் கருங்குழியும், கடற்கரையில் ஆலம்பரை எனக் கோட்டைகள் சூழ்ந்த நிலப்பரப்பு இது. ஆகவே இவற்றில் எவற்றுக்கிடையே சண்டை மூண்டாலும் படைகள் பெருமுக்கலைத் தொட்டே சென்றன.

கோட்டையும் பேட்டையும்

செஞ்சியை 1677இல் சிவாஜி கைப்பற்றினார். அதன்பின் 1690 முதல் 1698 வரை முகலாயப் படை அதை முற்றுகையிட்டது. அந்த எட்டாண்டுகளில் இந்த வட்டாரத்து நெல்லும் வைக்கோலும் இரண்டு தரப்புக்கும் தேவைப்பட்டன. 1740இல் ரகூஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படை கர்நாடகத்துக்குள் (அதாவது ஆற்காட்டு நவாபின் நாட்டுக்குள்) நுழைந்து நவாப் தோஸ்த் அலியைக் கொன்றது. குடிகள் பலர் புதுச்சேரி மதிலுக்குள் அடைக்கலம் தேடினர். 1750இல் செஞ்சி பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அதே ஆண்டில் ஆலம்பரையும் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குக் கிடைத்தது. 1760 தொடக்கத்தில் பெருமுக்கல் கோட்டையில் பிரெஞ்சுப் படையே இருந்தது.

குன்றின் உச்சியில் கோட்டை, அடிவாரத்தில் குடியிருப்பும் கடைகளும் கொண்ட பேட்டை என்பதே இத்தகைய மலைக்கோட்டைகளின் அமைப்பு. மேலே இருந்த சிப்பாய்களுக்கு அரிசி, நெய், விறகு, தீவனம் எல்லாம் கீழிருந்தே ஏறின. கோட்டையால் ஊருக்கு வியாபாரமும் கூலியும் கிடைத்தன. முற்றுகை வந்தால் முதலில் அடிபட்டதும் பேட்டைதான்.

1760 முற்றுகை

1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படை, கவுண்ட் லாலியின் பிரெஞ்சுப் படையை முறியடித்தது. அதன்பின் கூட், புதுச்சேரியைச் சுற்றியிருந்த துணைக்கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார். பெருமுக்கலில் பேட்டை முதலில் வீழ்ந்தது; மார்ச் தொடக்கத்தில் மலைக்கோட்டையும் பணிந்தது. இந்தத் தாக்குதலில் கூட்டுக்கு முழங்காலில் காயம்பட்டது. சில நாட்களில் ஆலம்பரையும் விழுந்தது. அக்கோட்டையை ஆங்கிலேயர் பின்னர் இடித்தனர். ஏப்ரலில் வழுதாவூர் பிடிபட்டு, புதுச்சேரிக்குச் செல்லும் உணவுவழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன.

அறுவடையும் படைநடமாட்டமும்

வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் ஏரிகளை நிரப்பும்; அப்போது களிமண் பாதைகளில் பீரங்கி வண்டி நகராது. தை பிறந்ததும் பாதை காயும், சம்பா நெல் களத்துக்கு வரும், உப்பளத்தில் பாத்தி கட்டும் வேலை தொடங்கும். படைகள் கிளம்பியதும் அதே வேளையில்தான். வந்தவாசிப் போர், பெருமுக்கல் முற்றுகை, 1781 ஜனவரியில் கருங்குழி மீட்பு ஆகிய மூன்றும் தைக்கும் மாசிக்கும் உட்பட்டவை. உழவன் ஆண்டு முழுதும் காத்திருந்த நெல் களத்துமேட்டில் குவிந்திருக்கையில் தண்டு (படை) வந்து இறங்கியது.

நெற்குவியல் மேல்வாரம், குடிவாரம் என்று பிரிக்கப்படும் வரை களத்தை விட்டு நகரக்கூடாது என்பது வழக்கம். மேல்வாரம் ஆள்பவருக்கு உரியது. ஆள்பவர் யார் என்பதே சண்டையாக இருந்தபோது, வரிக்குத்தகை எடுத்த அமல்தார் ஒரு பக்கமும் வென்ற படையின் ஆள் மறு பக்கமும் அதே விளைச்சலுக்கு வந்து நின்றனர். இரு தரப்போடும் பேச வேண்டிய சுமை ஊர்க் கணக்கர் மீதும் நாட்டாமை மீதும் விழுந்தது. கொடுக்காவிட்டால் கொள்ளை, கொடுத்தால் அடுத்த படையிடம் துரோகி என்ற பெயர். வீட்டுக் குதிர்களில் நெல்லை வைத்தால் தெரிந்துவிடும் என்பதால் மண்ணுக்கடியில் குழி தோண்டிப் பதுக்குவது கர்நாடகம் எங்கும் இருந்த பழக்கம். படைகளோடு சென்றவர்கள் அக்குழிகளைத் தேடிப்பிடிப்பதிலும் கைதேர்ந்திருந்தனர்.

நெல்லுக்கு அடுத்தது மாடு. பீரங்கி, குண்டு, கூடாரம், அரிசி எல்லாவற்றையும் காளைகளே இழுத்தன. ஏர்மாட்டைப் படை பிடித்துச் சென்றால் மறு ஆண்டு உழவு நின்றது. 1760 ஜூலையில் மைசூர்ப் படை லாலிக்கு உதவ வந்தபோது அது புதுச்சேரிக்குக் கொண்டுசேர்க்க முயன்ற முக்கியப் பொருள்களில் மாடும் ஒன்று. பொதி எருதுகளில் தானியம் கொண்டுவந்து படைச்சந்தையில் விற்ற லம்பாடிகள், எல்லாத் தரப்பாலும் வரவேற்கப்பட்ட வணிகர்கள். கடற்கரையிலிருந்து உப்பை உள்நாட்டுக்கு எடுத்துச் சென்றவர்களில் அவர்களும் உண்டு. அவர்கள் தண்டுகளைத் தொடர்ந்து போய்விட்டால் கரையில் உப்பு தேங்கியது.

ஆட்களையும் பிடித்தனர். 1758இல் கடலூரை நோக்கிச் சென்ற லாலி, வண்டியும் மாடும் போதாமல், புதுச்சேரிக் குடிகளைச் சாதி வேறுபாடு பாராமல் சுமை தூக்கவும் இழுக்கவும் கட்டாயப்படுத்தினார். இது அக்காலத்தில் பெரும் மனக்கசப்பை உண்டாக்கிய செயல். சுமைகூலியாகவும் சிப்பாயாகவும் சேர்ந்தவர்களில் நிலமற்ற பண்ணையாட்கள் மிகுதி; அவர்களில் சிலருக்குப் படைச்சம்பளம் பண்ணையிலிருந்து விடுபடும் வழியாகவும் அமைந்தது.

இடம்பெயர்தல்

படை வருகிறது என்ற செய்தி எட்டியதும் ஊரைக் காலிசெய்வதே குடிகளின் முதல் தற்காப்பு. புதர்க்காடு, மலை, உறவினர் ஊர், மதில் சூழ்ந்த பட்டணம் என்று வசதிக்கேற்பச் சென்றனர். புதுச்சேரியில் டூப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இதற்குத் தமிழில் உள்ள முதன்மைச் சான்று. சுற்றுவட்டாரத்தார் மூட்டை முடிச்சோடு பட்டணத்துக்குள் வருவதும், பட்டணத்துக்கே ஆபத்து வந்தால் அங்கிருப்பவர் வெளியேறுவதும், அரிசி விலை ஏறுவதும் அதில் பதிவாகியுள்ளன.

மதிலும் எப்போதும் காக்கவில்லை. 1760 நவம்பரில் முற்றுகைக்குள் உணவு தீர்ந்தபோது, லாலி சுமார் 1,400 உள்ளூர்க் குடிகளைப் புதுச்சேரியிலிருந்து வெளியேற்றினார். ஆங்கிலப் படை அவர்களைக் கடக்கவிடவில்லை. இரண்டு படைகளுக்கு நடுவே, வெட்டவெளியில் கிடைத்ததைத் தின்று பல நாள் கிடந்த பிறகே வழி கிடைத்தது. 1761 ஜனவரி 16 அன்று புதுச்சேரி சரணடைந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் ஆனந்தரங்கப் பிள்ளை காலமானார்.

ஹைதர் அலி படையெடுப்பும் பஞ்சமும்

20 ஆண்டுகள் கழித்து வந்த போர் இதைவிடக் கொடியது. 1780 ஜூலையில் ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் இறங்கினார். எதிரிக்கு உணவும் தீவனமும் கிடைக்காமல் செய்வதே அவரது உத்தி. குதிரைப்படை ஊர்களை எரித்தது, மாடுகளை ஓட்டிச் சென்றது. கைவினைஞர் பலர் மைசூருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் ஆங்கிலப் படைப்பிரிவு ஒன்று அழிந்தது. வந்தவாசி, வேலூர், செங்கற்பட்டு ஆகியவற்றோடு பெருமுக்கலும் முற்றுகைக்கு உள்ளாயிற்று. 1781 ஜனவரியில் கூட் கருங்குழியைப் பிடித்ததும் இம்முற்றுகைகள் விலகின. எனினும் அவரது படையால் உள்நாட்டுக்குள் நெடுந்தூரம் செல்ல முடியவில்லை. வட்டாரத்தில் மாடும் இல்லை, தானியமும் இல்லை. சென்னையிலிருந்து கப்பலில் வந்த அரிசியை நம்பிக் கடற்கரையை ஒட்டியே அது நகர்ந்தது.

1782 ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது. மே மாதத்தில் ஹைதரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து பெருமுக்கலைக் கைப்பற்றினர். அந்த டிசம்பரில் ஹைதர் இறந்தார். 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையோடு போர் ஓய்ந்தது.

உழவு நின்றுபோன இந்த ஆண்டுகளில் கடும் பஞ்சம் பரவியது. சென்னையில் குவிந்த பஞ்சைகளுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் தோன்றிய மணியக்காரர் சத்திரமே பின்னர் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வித்தானது. கரை உடைந்த ஏரிகளைச் செப்பனிட ஆளும் பணமும் இல்லாததால் சமாதானத்துக்குப் பிறகும் வயல்கள் தரிசாகக் கிடந்தன. வடக்கே அடுத்திருந்த செங்கற்பட்டு ஜாகீரில் 1790களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஏரிகளைப் பழுதுபார்ப்பதையும் ஓடிப்போன குடிகளைத் திரும்ப அமர்த்துவதையும் தம் முதன்மைப் பணிகளாகக் கொண்டார்.

உப்பளங்களும் கும்பினி ஆட்சியும்

சோழர் காலத்திலேயே பெயர் பெற்ற மரக்காணத்து அளங்கள் போரில் நெல்வயலைவிட வேறு வகையில் பாதிக்கப்பட்டன. உப்பை எரிக்க முடியாது. பாத்தியை மிதித்துக் கெடுத்தாலும் அடுத்த கோடையில் மீண்டும் கட்டலாம். ஆனால் உப்பு விளைவிப்பவருக்கு உப்பைத் தின்று வயிறு நிரம்பாது. பொதி எருதுகள் வந்து உப்பை ஏற்றி, மாற்றாகத் தானியத்தை இறக்கினால்தான் அளத்துக் குடும்பங்களில் உலை கொதித்தது. பாதை அடைபட்ட மாதங்கள் அவர்களுக்குப் பட்டினி மாதங்கள்.

1801இல் ஆற்காட்டு நவாபின் நாடு கும்பினியின் (ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின்) நேரடி ஆட்சிக்குள் வந்து, பெருமுக்கல் தென்னார்க்காடு மாவட்டத்துக்கு உட்பட்டது. கோட்டைக்கு இனிப் பயனில்லை. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமையாயிற்று: விளைந்த உப்பு முழுவதையும் அரசிடமே ஒப்படைக்க வேண்டியிருந்தது. 1877–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக இணைக்கப்பட்ட பக்கிங்ஹாம் கால்வாயின் தென்முனை மரக்காணம். அதன் வழியே உப்பும் விறகும் படகில் சென்னை சென்றன.

உலகப் போர்கள்

முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்துவிட்டுத் தெற்கு நோக்கி இக்கரையோரமாகச் சென்றது. போரின் உண்மையான சுமை பிறகு வந்தது. தானியம், துணி, மண்ணெண்ணெய், உப்பு ஆகியவற்றின் விலை ஏறி, 1918இல் மாகாணத்தின் பல இடங்களில் சந்தைக் கொள்ளைகள் நடந்தன; அதே ஆண்டு இன்ஃப்ளூயன்சா காய்ச்சலும் பரவியது.

இரண்டாம் உலகப் போரில் 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்ததும் பர்மா அரிசி நின்றது. ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியர் குண்டு வீசியதும், சென்னைவாசிகள் ரயிலிலும் வண்டியிலும் உள்நாட்டுக் கிராமங்களுக்கு ஓடினர். 18ஆம் நூற்றாண்டில் கிராமத்தார் பட்டணத்துக்கு ஓடினர். இப்போது பட்டணத்தார் கிராமத்துக்கு வந்தனர். தென்னார்க்காட்டிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் கடிதமும் பணமும் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததோடு நின்றன. அங்கிருந்த தமிழர் பலர் சயாம்–பர்மா ரயில்பாதை வேலையில் மாண்டனர் என்ற செய்தி போர் முடிந்த பிறகே குடும்பங்களை எட்டியது.

ஊரில் நெல் மீண்டும் அரசின் கணக்குக்குள் வந்தது. கர்ணமும் மணியக்காரரும் விளைச்சலைக் குறித்தனர். குடும்பத்துக்கு வேண்டியது போக மீதியைக் கொள்முதலுக்கு அளக்க வேண்டும். பெர்மிட் இல்லாமல் நெல் மாவட்டம் தாண்டக்கூடாது. கேழ்வரகும் கம்பும் அரிசியின் இடத்தைப் பிடித்தன. மண்ணெண்ணெயும் துணியும் பங்கீட்டில் கிடைத்தன. பெட்ரோல் இல்லாத பஸ்கள் கரிவாயுவில் ஓடின. உலோகத் தட்டுப்பாட்டால் 1943இல் நடுவில் துளையிட்ட காலணா வந்தது. அடுத்திருந்த பிரெஞ்சு இந்தியா 1940 செப்டம்பரில் டி கோலின் சுதந்திர பிரெஞ்சு அணியின் பக்கம் சேர்ந்ததால், முன்பு இரு படைகள் மோதிய எல்லையில் இப்போது இரு அரசுகளும் ஒரே அணியில் இருந்தன. உப்பு வரி 1947இல் நீங்கியது. உணவுக் கட்டுப்பாடு சென்னை மாநிலத்தில் 1952இல் ராஜாஜி ஆட்சியில் தளர்ந்தது.

சான்றுகளும் எச்சங்களும்

முற்றுகைகளைப் பற்றிய விரிவான செய்திகள் ராபர்ட் ஓர்ம் போன்ற ஆங்கில வரலாற்றாசிரியர்களின் நூல்களில் உள்ளன. அவற்றில் அதிகாரிகளின் பெயர், பீரங்கி எண்ணிக்கை, காயம்பட்டோர் கணக்கு எல்லாம் உண்டு. பேட்டையில் குடியிருந்தவர்களின் பெயர்கள் இல்லை. கோயில் கல்வெட்டுகள் கொடை தந்தவர்களை நினைவில் வைக்கின்றன. அவை போர்க்காலத்துக்கு மிக முந்தியவை. ஆகவே குடிகளின் போர்க்கால வாழ்க்கையை வரிக்கணக்கு, விலைவாசி, பஞ்சக் குறிப்புகள், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு ஆகியவற்றிலிருந்து சேர்த்தெடுக்க வேண்டியுள்ளது.

இன்று குன்றின் மேல் கோயிலும் கோட்டைச் சுவர்ச் சிதைவுகளும் உள்ளன. தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றோடு மரக்காணமும் தமிழகத்தின் முக்கிய உப்பு மையங்களில் ஒன்றாகத் தொடர்கிறது. கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.