செட்டித் தெருவும் அதன் சொற்களும்

சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு என்றவுடன் நம் நினைவு சிராங்கூன் சாலைக்குச் செல்வது இயல்பு. ஆயினும் ஆற்றின் தென்கரையில், இன்று வங்கிகளின் உயர்மாடங்கள் நிற்கும் மார்க்கெட் ஸ்திரீட்டும் ஒரு காலத்தில் தமிழ் ஒலித்த தெருவே. தமிழர் அதனைச் செட்டித் தெரு என்றே வழங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இங்கு வந்து சேர்ந்த நாட்டுக்கோட்டை நகரத்தார், அங்கிருந்த கிட்டங்கிகளில் அமர்ந்து கொடுக்கல் வாங்கல் நடத்தினர்.

கிட்டங்கி என்னும் சொல் சரக்கு அடுக்கும் கிடங்கோடு உறவுடையது. ஆனால் இங்கே அடுத்தடுத்து இருந்தவை சரக்கு மூட்டைகள் அல்ல, தொழிலகங்கள். நீண்ட கடைவீட்டின் கீழ்த்தளத்தில் நடுவே வழி விட்டு, இருமருங்கும் ஒவ்வொரு விலாசத்துக்கும் சில அடி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அமர்ந்து எழுதத் தாழ்வான மேசைப்பெட்டி, பத்திரங்களைப் பூட்டி வைக்க ஓர் அலமாரி, உட்காரப் பாய்: ஒரு நிதி நிறுவனத்தின் தளவாடம் இவ்வளவே. சமையல் பொது, உறக்கம் மாடியில். குடும்பம் செட்டிநாட்டிலேயே இருக்க, முகவர்கள் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில் வந்து திரும்பினர். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என அவர்களுக்குள் படிநிலை உண்டு. பையனாகக் கப்பலேறியவன் ஏவல் வேலை செய்துகொண்டே கணக்குப் பழகி, பின்னர் மேலாளாக உயர்வதும் உண்டு. அவ்வகையில் கிட்டங்கி ஒரு பள்ளிக்கூடமும் ஆகும்.

ஐரோப்பிய வங்கிகளை எளிதில் அணுக இயலாத சிறு வணிகர், தோட்டக்காரர், அரசாங்க எழுத்தர் எனப் பல இனத்தவரும் அங்கே கடனுக்கு வந்தனர். வட்டி சுமையாயிற்று என்று நொந்தவர்களும் அவர்களுள் உண்டு. அதனை மறைத்து எழுதுவது வரலாறாகாது. எனினும் மொழி பயில்வோர் கருத வேண்டிய செய்தி வேறொன்று. பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை, வட்டிச்சிட்டை ஆகிய சொற்கள் அத்தெருவில் அன்றாடப் புழக்கத்தில் இருந்தன. நகரின் நிதி மையத்திலேயே தமிழ் ஒரு தொழில்மொழியாக இயங்கிற்று. இன்று நாம் கலைச்சொல் அகராதியில் தேடும் பலவற்றை, அன்று ஒரு பெட்டியடிப் பையன் மைக்கூட்டருகே அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தான்.

இத்தெருவை நகர்ச் சீரமைப்பு மட்டுமே அழித்தது என்று கூறுவோர் உளர். அக்கூற்று பாதி உண்மையே. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சியில், பழைய கடன்கள் பல வாழைமரப் படம் பொறித்த தாள்களால் அடைக்கப்பட்டன. போர் முடிந்ததும் அத்தாள் வெறுந்தாளாயிற்று. 1953இல் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், ஊரிலிருந்து புதிய ஆள் வருவதைக் கடினமாக்கிற்று. மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆள் மாறுவதையே அடிப்படையாகக் கொண்ட தொழிலுக்கு, என் கணிப்பில், கட்டட இடிப்பினும் பெரிய அடி இதுவே. வங்கிகளும் பெருகின.

அதன் பின்னரே சீரமைப்பு வந்தது. 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாடு பழைய கடைவீடுகளைக் குறைந்த வாடகையில் நிலைநிறுத்தியிருந்தது. கோல்டன் ஷூ எனப்பட்ட வணிக வட்டாரத்தில் அக்கட்டுப்பாட்டைத் தளர்த்த 1969இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1966ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டமோ முன்பே கைவசம் இருந்தது. 1970களில் கிட்டங்கிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. எஞ்சிய நகரத்தாருள் சிலர் டேங்க் ரோட்டுக்குப் பெயர்ந்தனர். அங்கே அவர்கள் முன்னோர் 1859இல் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் இருந்தது. அக்கோயிலும் புதிதாகக் கட்டப்பெற்று 1983இல் குடமுழுக்குக் கண்டது.

மார்க்கெட் ஸ்திரீட்டில் பின்னர் எழுந்த பலமாடி வாகன நிறுத்தகம் 2017இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. இப்போது அவ்விடத்தில் 280 மீட்டர் உயரத்தில் கேப்பிட்டாஸ்பிரிங் நிற்கிறது. அதில் அலுவலகங்கள் இயங்குகின்றன. அவற்றின் கணக்குகள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன.