களியும் ரத்தப் பொரியலும்: எந்தத் தட்டு விநோதம்?

கல்லூரி விடுதியில் நாலு பேர் கூடி உட்கார்ந்தால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். தயிர்ச்சோற்றுக்கு மிக்சர் தொட்டுக்கொள்கிறவர், இட்லிக்குச் சர்க்கரை கேட்கிறவர், டீயில் முறுக்கை நனைத்துத் தின்கிறவர் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். "அய்யே, இதெல்லாம் எப்படிடா உள்ளே போகுது?" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். சொன்னவரும் சேர்ந்து சிரிப்பார். பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும்.

அதே வட்டத்தில் ஒருவர், "கேழ்வரகுக் களிக்கு மாட்டு ரத்தப் பொரியல் வைத்துச் சாப்பிட்டால் அதற்கு ஈடே இல்லை" என்று சொல்லிப் பார்க்கட்டும். பெரும்பாலும் சிரிப்பு வராது. ஒரு சின்ன அமைதி வரும். அடுத்து வருகிற கேள்வியும் சாப்பாட்டைப் பற்றி இருக்காது. ஊரைப் பற்றியும் தெருவைப் பற்றியும் இருக்கும். மிக்சர் தின்றவரிடம் யாரும் "நீ எந்தத் தெரு?" என்று கேட்கவில்லையே, ஏன்? இந்த வேறுபாடு நாக்கில் இருந்து வரவில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக முதலில் சமையலைச் சொல்லிவிடுகிறேன். அறுக்கும்போதே ரத்தத்தைப் பாத்திரத்தில் பிடித்து உப்புப் போட்டு வைத்தால் சற்று நேரத்தில் உறைந்துவிடும். அதை வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம் தாளித்துப் பிரட்டி இறக்க வேண்டும். தேங்காய்த் துருவல் சேர்ப்பது அவரவர் விருப்பம். முட்டைப் பொரியல் போல உதிரியாக வரும். சூடான களியை உருட்டி இதோடு சேர்த்துச் சாப்பிட்டால் வெயிலில் வேலை செய்கிற உடம்புக்கு நெடுநேரம் தாங்கும்.

இதில் அருவருப்பு எங்கே இருக்கிறது? ரத்தத்தில் என்றால், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டு ரத்தத்தைக் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் பல சாதிகளிலும் இருக்கிறார்கள். மதுரைப் பக்கத்து மெஸ்களில் ஆட்டு ரத்தப் பொரியலைப் பெருமையாகப் பரிமாறுகிறார்கள். இட்லிக்குக் குடல் குழம்பு என்பது ஊர் மெச்சும் கூட்டணி.

உலகத்தைப் பாருங்கள். பிலிப்பைன்ஸில் பன்றி ரத்தத்தில் வினிகர் ஊற்றிச் செய்யும் 'தினுகுவான்' குழம்புக்கு, லேசாக இனிக்கும் 'புட்டோ' என்ற அரிசிப் பலகாரத்தைத் தொட்டுக்கொள்கிறார்கள். சுவீடனிலும் பின்லாந்திலும் ரத்தம் கலந்த மாவில் தோசை போல வார்த்து, காட்டுப்பழ ஜாமோடு உண்கிறார்கள். ரத்தமும் ஜாமும்! பிரிட்டனில் ரத்தத்தை ஓட்ஸ், கொழுப்போடு சேர்த்துச் செய்யும் பிளாக் புட்டிங் காலை உணவுத் தட்டில் முட்டைக்குப் பக்கத்தில் இருக்கும். ஸ்காட்லாந்தின் ஸ்டோர்னோவே பிளாக் புட்டிங்குக்கு 2013 இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பே கொடுத்தது. வெளியூர்க்காரருக்கு இவையெல்லாம் விநோதமாகத் தெரியலாம். ஆனால் இவற்றைச் சாப்பிட்டார் என்பதற்காக ஒருவரைக் குடிதண்ணீர்க் குளத்திலிருந்து யாரும் விரட்டவில்லை.

நம் ஊரில் விரட்டினார்கள். இந்தச் சேர்க்கைகள் எப்படி உருவாயின என்று பார்த்தால் காரணம் புரியும். இந்தியாவின் பல பகுதிகளில் செத்த மாட்டை ஊரைவிட்டு அகற்றுவது சில சாதிகளின் மேல் சுமத்தப்பட்ட கட்டாய வேலை. அதற்குக் கூலி என்று பணம் கிடைக்காது. தோலும் கறியும் மிச்சச் சோறும்தான். ஒரு மாட்டின் கறியை ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாது. கெடாமல் வைக்க வேண்டும் என்றால் உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவைக்க வேண்டும். அப்படி வந்ததுதான் உப்புக்கண்டம். நல்ல தொடைக்கறி மற்றவர்களுக்குப் போன இடத்தில் குடல், ரத்தம், தலை, கால் மிஞ்சின. நெல் விளைவித்தவர்களுக்கு நெல்லுச்சோறு கிடைக்காத இடத்தில் கேழ்வரகும் கம்பும் நொய்யும் கிடைத்தன. கிடைத்ததைக் கிடைத்ததோடு சேர்த்து ருசியாக ஆக்கிய அறிவு நம் பெண்களுடையது. கிடைக்காமல் செய்தது சாதி.

மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை அண்ணல் அம்பேத்கர் 1948 இல் வெளியான 'தீண்டப்படாதோர் யார்?' நூலில் விரிவாக எழுதினார். அதில் அவர் எடுத்துக்கொள்ளும் ஒரு சான்று 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இந்துக்களில் யாரைத் தனியாகப் பிரித்துக் கணக்கிடுவது என்பதற்கு அப்போது பத்து அளவுகோல்கள் வைத்தார்கள். வேதத்தை ஏற்காதவர்கள், கோயிலுக்குள் நுழைய முடியாதவர்கள், தொட்டால் தீட்டு என்று கருதப்படுகிறவர்கள், பிணத்தைப் புதைப்பவர்கள் என்று போகும் அந்தப் பட்டியலில் ஒன்று, மாட்டுக்கறி உண்டு பசுவை வணங்காதவர்கள் என்பது. ஒரு மனிதரின் தட்டைப் பார்த்து அவர் இடத்தை முடிவு செய்யும் வழக்கம் அரசின் காகிதத்திலேயே ஏறிவிட்டது.

ஒரு காலத்தில் பிராமணர்களும் மாட்டுக்கறி உண்டார்கள் என்பதையும், பௌத்தத்தோடு நடந்த போட்டியில் அதைக் கைவிட்டார்கள் என்பதையும் அதே நூலில் அவர் வாதிடுகிறார். அதை விடாத, விட முடியாத உடைந்த மக்களின் மேல்தான் தீண்டாமை விழுந்தது என்பது அவர் முடிவு. அந்த முடிவின் ஒவ்வொரு பகுதியையும் ஆய்வாளர்கள் விவாதிக்கலாம். ஆனால் அருவருப்பு இயற்கையானது அல்ல, ஒரு காலத்தில் உண்டாக்கப்பட்டது என்று அவர் காட்டிய வழி நமக்கு முக்கியம்.

இந்த இடத்தில் நம்மை மடக்க ஒரு கேள்வி கேட்பார்கள். "உங்கள் அம்பேத்கரே இதையெல்லாம் விடச் சொன்னாரே?" ஆம், சொன்னார். 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில், செத்த மாட்டின் கறியை உண்பதையும் எச்சில் சோறு வாங்குவதையும் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த நாள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். அடுத்த ஆண்டே, மகர்களைப் பரம்பரை ஊழியத்தில் கட்டிவைத்திருந்த வதன் சட்டத்தைத் திருத்தப் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். அவர் மறுக்கச் சொன்னது கூலியாக எறியப்பட்ட எச்சத்தையும், அதன் பின்னால் இருந்த அடிமை வேலையையும். காசு கொடுத்து வாங்கி, விரும்பிச் சமைத்துச் சாப்பிடுவதைப் பார்த்து ஆதிக்கச் சாதி முகம் சுளிப்பது வேறு விஷயம். அந்தச் சுளிப்புக்கு மகாத்தைச் சாட்சிக்குக் கூப்பிட யாருக்கும் உரிமை இல்லை.

அன்று விட்டவர்களை நாம் மதிக்க வேண்டும். பசியோடு இருந்துகொண்டு மானத்துக்காக விட்டார்கள். ஆனால் விடுவது வேறு, மறைப்பது வேறு. படித்து வேலைக்குப் போன நம் வீடுகள் பலவற்றில் மறைப்பு இன்றும் நடக்கிறது. வாடகை வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைக்கிறோம்.

அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கும் இந்த வலி தெரியும். அடிமைக் காலத்தில் பன்றியின் நல்ல பாகங்கள் எஜமானர்களுக்குப் போக, இவர்கள் பக்குவப்படுத்தி உண்ட உணவுகளில் ஒன்று பன்றிக்குடல். ரால்ஃப் எலிசன் 1952 இல் எழுதிய 'இன்விசிபிள் மேன்' நாவலில், பதவியும் அந்தஸ்தும் உள்ள கறுப்பினக் கல்லூரித் தலைவர் ஒருவரை, இவர் ரகசியமாகக் குடல் தின்கிறவர் என்று ஊரறியக் குற்றம் சாட்டுவதுபோல நாயகன் கற்பனை செய்து பார்ப்பான். பிடித்த சாப்பாடே ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் குற்றமாகிவிடுகிற நிலை அது. நமக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மறைக்காமல் எழுதியவர்களும் இருக்கிறார்கள். 2009 இல் புனே பல்கலைக்கழகத்தில் ஷர்மிளா ரெகே தன் மாணவர்களோடு சேர்ந்து, தலித் மக்களின் உணவு நினைவுகளைத் தொகுத்து, 'இந்தத் தட்டு இந்தியத் தட்டு இல்லையா?' என்று கேட்கும் தலைப்பில் வெளியிட்டார். 2015 இல் ஷாஹு படோளே, மராத்வாடாவின் மகர், மாங் சமூகங்களின் சமையலை மராத்தியில் நூலாக எழுதினார். 'அன்னமே பூரணப் பிரம்மம்' என்ற பழைய சொல்லைத் திருப்பி, 'அன்னம் அபூரணப் பிரம்மம்' என்று பெயர் வைத்தார். 2024 இல் அது ஆங்கிலத்திலும் வந்தது.

தெருவிலும் இந்தக் கேள்வி எழுந்தது. 2012 ஏப்ரலில் உஸ்மானியா பல்கலைக்கழக மாணவர்கள் மாட்டுக்கறி விழா நடத்தியபோது மோதல் வெடித்தது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்து, மாட்டுக்கறி பிரியாணியைத் தள்ளிவைக்கப் பார்த்தது. தோல் தொழிலால் வளர்ந்த, மாட்டுக்கறி பிரியாணிக்குக் கத்திரிக்காய்க் குழம்பு தொட்டுச் சாப்பிடுகிற ஆம்பூரில்! எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. இது பாகுபாடு ஆகாதா என்று விளக்கம் கேட்டு மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது. பிரியாணி அண்டாவும் அரசியல் சாசனக் கேள்விதான் என்பது அன்று எழுத்தில் பதிவானது.

தோழர்களே, யாரும் யாரையும் எதையும் சாப்பிட வைக்க வேண்டியதில்லை. பிடிக்காது என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. தட்டைப் பார்த்து ஆளை எடைபோடும் உரிமை மட்டும் எவருக்கும் கிடையாது.

நம் கையில் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஆயாவிடமும் அம்மாவிடமும் உட்கார்ந்து கேளுங்கள். எதை எதோடு சேர்த்துச் சமைத்தார்கள், எந்தப் பாகம் யாருக்குப் போனது, தானியம் எங்கிருந்து வந்தது, எதை எப்போது விட்டார்கள், ஏன் விட்டார்கள். சொல்லத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். அந்தத் தயக்கத்தையும் தேதி போட்டு எழுதிவையுங்கள். நம் சமையலைப் பற்றி மற்றவர்கள் எழுதியதில் அருவருப்புதான் அதிகம். பக்குவமும் அளவும் நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஜெய் பீம்.