இடமே சான்று: சம்மல்லஹ்தென்மேகி கற்குவைகளும் பாதுகாப்பின் எல்லையும்

பின்லாந்தின் மேற்கே, ரௌமா நகரை அடுத்த நாட்டுப்புறத்தில், சம்மல்லஹ்தென்மேகி என்னும் பாறை முகட்டின்மேல் வெண்கலக் கால ஈமக் கற்குவைகள் 33 உள்ளன. யுனெஸ்கோ 1999இல் இவ்விடத்தை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இக்குவைகளின் வரலாற்று மதிப்பு அவற்றுள் கிடைக்கும் பொருள்களைவிட அவை அமைந்த இடத்திலேயே மிகுதி. ஆகவே பாதுகாப்பும் கற்களோடு நின்றுவிடாமல் முகட்டைத் தழுவ வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1891இல் வோல்டர் ஹோக்மன் இங்கு அகழ்ந்தார். இத்தகைய குவைகள் பொதுவாகத் தருவன எரிந்த எலும்புத் துண்டுகளும் கரியுமே. பொருள்களை மட்டும் கணக்கிட்டால் இவை வறிய ஈமச்சின்னங்கள். கட்டுமானம் வேறு செய்தி சொல்கிறது. முகட்டின் விளிம்புப் பாறையிலிருந்தே கருங்கற்கள் பெயர்க்கப்பட்டன; எஞ்சியவை அங்கேயே பொறுக்கப்பட்டன. சிறு வட்டக் குவைகளோடு, ஏறத்தாழ 16 மீட்டருக்கு 19 மீட்டர் அளவில், தட்டையான மேற்பரப்புடைய கிர்கொன்லாத்தியா என்னும் நாற்கர அமைப்பும் உள்ளது. கல் பெயர்த்த விளிம்பையும் குவைகளுக்கு இடைப்பட்ட வெளியையும் சேர்த்துப் பார்த்தால்தான் இக்குவைகளின் பின்னிருந்த கூட்டுழைப்பு விளங்கும்.

இடத்தின் இன்னொரு சான்று கடல். இன்று போத்னியா வளைகுடா இங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. குவைகள் எழுந்த காலத்தில் கடல் அருகிலேயே இருந்தது. பனியூழியில் பெரும் பனிப்படலத்தின் சுமையால் அமிழ்ந்த நிலம், பனி உருகியபின் மெல்ல எழுந்துவருகிறது. இன்றும் அவ்வெழுச்சி நிற்கவில்லை. நீருக்கடியில் இருந்த பாறையில் யாரும் ஈமக்குவை எழுப்பியிருக்க முடியாது. எனவே குவை நிற்கும் உயரமே அதன் வயதுக்கு ஒரு மேல்வரம்பைத் தருகிறது. கற்களை வேறிடத்துக்குப் பெயர்த்து அடுக்கினால் வடிவம் மிஞ்சும், இக்கணக்கு அழிந்துவிடும்.

கடல் அகன்று காடு சூழ்ந்தபின் பழைய நிலக்காட்சியைக் காப்பதில் பொருளில்லை எனலாம். இவ்வாதம் காட்சியையும் சான்றையும் ஒன்றாகக் குழப்புகிறது. அலை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், சரிவும் உயரமும் பழைய கரையை இன்றும் அளந்தறிய உதவுகின்றன.

பின்லாந்தின் 1963ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டம், தனி அறிவிக்கை எதுவும் இன்றியே எல்லா நிலைத்த தொல்சின்னங்களையும் காக்கிறது. இது பெருஞ்சிறப்பு. ஆனால் எல்லை உறுதிசெய்யப்படாத சின்னத்துக்கு, கண்ணுக்குத் தெரியும் வெளிவிளிம்பிலிருந்து 2 மீட்டர் வரையே காப்புப் பரப்பு. அவ்வளவு கல்லுக்குப் போதும். கல் பெயர்த்த பாறைக்கும் சரிவுக்கும் போதாது. சம்மல்லஹ்தென்மேகியில் உலக மரபுத் தகுதி முகட்டையே ஓர் அலகாக ஏற்றிருப்பதால் இக்குறை நேரவில்லை. உலகப் புகழ் எட்டாத தனிக்குவைகளுக்கும் இதே அளவுகோல் வேண்டும்: பெயர்த்த பாறையும் பழைய கரையை நோக்கிய சரிவும் உட்பட அவற்றின் எல்லைகள் வரையப்பட வேண்டும்.