வானத்துக் குடைகள் – 14: ஓட்டை போட்டவர்கள்

அமெரிக்காவில் 'பாப்ஸ்' என்று ஒரு சங்கம் இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் விமானத்திலிருந்து குதிப்பதை விடாதவர்களுக்கான சங்கம். அறுபது, எழுபது, எண்பது வயதுக்காரர்களுக்கு அதற்குள்ளேயே தனித்தனிப் பிரிவுகள் வேறு. இந்த எண்பதுகளில் நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் பேச்சு முதலில் முழங்கால் வலியில் தொடங்கும், கொஞ்ச நேரத்தில் சி-9 குடைக்குப் போகும். இரண்டும் ஒரே பேச்சுதான். முழங்காலைக் கெடுத்ததே அந்தக் குடைதானே!

சி-9 என்பது போர் விமானிகளின் உயிர்காக்கும் பாராசூட். 28 அடி விட்டம், 28 கீற்று நைலான் துணி. வெள்ளை, ஆரஞ்சு, பச்சை, மண் நிறம் என்று நான்கு நிறத்தில் தைத்திருப்பார்கள். எதிரி மண்ணில் இறங்கிவிட்டால் பச்சையையும் மண் நிறத்தையும் போர்த்திக்கொண்டு ஒளியலாம். மீட்க வரும் விமானத்துக்கு ஆரஞ்சை விரித்துக் காட்டலாம். ராணுவத்தில் ஆயுள் முடிந்த குடைகள் உபரிச் சாமான் விற்கும் கடைகளுக்கு வந்தன. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும், கையில் காசு இல்லாமல் ஆசை மட்டும் இருந்த இளைஞர்கள் வாங்கியது இதைத்தான். 'சீப்போ' என்று செல்லப் பெயர்.

விமானியை உயிரோடு தரைக்குக் கொண்டுவந்து சேர்த்தால் சி-9-இன் கடமை முடிந்தது. எந்தத் தரை என்பது அதற்குக் கவலையில்லை. காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போகும். ஆனால் விளையாட்டாகக் குதிப்பவனுக்குத் தரையில் ஒரு குறி வேண்டும், அதை நோக்கிப் போகவும் வேண்டும். அதற்காக அவன் கத்தியை எடுத்தான்.

குடையின் பின்பக்கத்தில் சில கீற்றுகளை வெட்டி எடுத்துவிட்டால், உள்ளே அடைபட்ட காற்று அந்த வழியாகப் பின்னால் பீறிடும். குடை முன்னால் நகரும். வெட்டின் இரண்டு பக்கமும் கயிறு கட்டிக் கைக்குக் கொண்டுவந்தால் வலமும் இடமும் திருப்பலாம். மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகம் கிடைத்தது. 'டபுள் எல்', 'டி-யூ' என்று வெட்டின் வடிவத்தை வைத்தே பேர். ஐந்து கீற்றா, ஏழு கீற்றா என்பதில் விடிய விடியச் சண்டை நடக்கும். ஓட்டை பெரிதானால் ஓட்டம் கூடும், ஆனால் விழும் வேகமும் கூடும். எவ்வளவு பேராசைப்படலாம் என்பதை ஒவ்வொருவனின் கணுக்காலும் முடிவு செய்தது.

குடையில் ஓட்டை என்பது புதிய யோசனை இல்லை. 1797-இல் பாரீஸில் பலூனிலிருந்து இறங்கிய கார்னெரினை நமக்கு முன்பே தெரியும். அவர் குடையில் ஓட்டையே கிடையாது. காற்று விளிம்பின் ஒரு பக்கமாக வழிந்து, பிறகு மறுபக்கமாக வழிந்து, கூடையை ஊசலாட்டி எடுத்துவிட்டது. உச்சியில் ஒரு துளை போட்டால் ஆட்டம் அடங்கும் என்று யோசனை சொன்னவர் வானியலாளர் லலாந்த் என்பார்கள். அந்த உச்சித் துளைக்கும் சி-9-இன் முதுகு வெட்டுக்கும் இடையே நூற்றைம்பது வருடம் ஓடிவிட்டது. ஏன் இவ்வளவு தாமதம்? துணிக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். பட்டுத் துணியை வெட்டினால் இழை பிரிந்துகொண்டே போகும். நைலானைச் சூட்டுக் கத்தியால் வெட்டினால் விளிம்பு உருகித் தானே இறுகிக்கொள்ளும். மேலே ஒரு நாடாவை வைத்துத் தைத்துவிட்டால் போதும். நைலான் வந்ததற்குக் காரணம் ஜப்பானோடு நடந்த போர். பட்டு வரத்து நின்றது. 1942 ஜூன் 6 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில், நைலான் குடையோடு முதன்முதலில் குதித்துக் காட்டியவர் அடலைன் கிரே என்ற இளம்பெண். பயோனியர் பாராசூட் கம்பெனியின் ஊழியர். வரலாற்றுப் புத்தகங்கள் அவருக்கு ஒரு வரிக்கு மேல் கொடுப்பதில்லை. என் பங்குக்கு நானும் கொடுக்கவில்லை. ஆனால் பயோனியர் என்ற பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சி-9-இல் இறங்குவது எப்படி இருக்கும்? வினாடிக்கு ஐந்தரை, ஆறு மீட்டர் வேகம். ஏறக்குறைய ஐந்தடிச் சுவரிலிருந்து குதிப்பதற்குச் சமம். ஆனால் சுவர் நின்ற இடத்தில் நிற்கும். இங்கே காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் நின்று இறங்குவது வீரம் இல்லை, மடத்தனம். பாதத்தின் முன்பகுதி, கெண்டைக்கால், தொடை, புட்டம், முதுகின் பக்கவாட்டு என்று ஐந்து இடங்களில் அடியைப் பங்கு போட்டு வாங்கிக்கொண்டு உருள வேண்டும். தடித்த அடிப்பாகம் வைத்த பிரெஞ்சு பூட்ஸ் இருந்தால் பாக்கியவான். உருண்டு எழுந்தாலும் கதை முடியாது. குடை காற்றில் மறுபடி உப்பி ஆளை வயல் முழுக்க இழுத்துக்கொண்டு போகும். தோளில் இருக்கும் 'கேப்வெல்' கொக்கிகளில் ஒன்றைக் கழற்றினால்தான் அடங்கும்.

எங்கே குதிப்பது என்பதற்கும் ஒரு கலை இருந்தது. விமானம் முதலில் இலக்குக்கு நேர் மேலே போய், நீளமான கிரேப் காகிதப் பட்டை ஒன்றைக் கனம் கட்டிப் போடும். குடை இறங்கும் வேகத்திலேயே அதுவும் இறங்கும். அது எவ்வளவு தள்ளி விழுகிறது என்று பார்த்து, அதே அளவு எதிர்ப்பக்கம் போய்க் குதிக்க வேண்டும். கணக்குத் தப்பினால் மரம், மின்கம்பி, மாட்டுக் கொட்டகை, எதுவும் நடக்கும். இன்றைய பிள்ளைகள் விமானி பச்சை விளக்குப் போட்டதும் குதிக்கிறார்கள், ஜி.பி.எஸ். பார்த்துக்கொள்கிறது. பெரியவர்களுக்கு அதில் ஒரு இளக்காரம். நியாயமான இளக்காரம்தான்.

இந்தக் கும்பலுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டியவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஜாக் ஆந்த்ரே இஸ்டெல். 1929-இல் பாரீஸில் பிறந்தவர். உலகப் போரில் குடும்பம் அமெரிக்காவுக்கு ஓடியது. கொரியாவில் மரீன் படையில் இருந்தார். ஐரோப்பாவில், முக்கியமாகப் பிரான்ஸில், உடலை விரித்துக் காற்றில் நிலையாக விழும் வித்தை ஒரு பாடமாகவே வளர்ந்திருந்தது. அதைக் கற்றுக்கொண்டுவந்து அமெரிக்காவில் பரப்பினார். 1956-இல் மாஸ்கோவில் நடந்த உலகப் போட்டிக்கு அமெரிக்க அணியைக் கூட்டிக்கொண்டு போனார். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம்; சோவியத் வானத்தில் அமெரிக்கர்கள் குதித்தார்கள்!

1959-இல் லூ சான்பார்னோடு சேர்ந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆரஞ்சு என்ற சின்ன ஊரில் அமெரிக்காவின் முதல் வணிகப் பாராசூட் மையத்தைத் திறந்தார். சில மணி நேரம் பாடம், அன்றைக்கே குதி. விமானத்தோடு கட்டிய கயிறு குடையைத் தானே திறந்துவிடும். திருப்பக்கூடிய குடை, திறக்கும் அதிர்ச்சியைக் குறைக்க அதன்மேல் நீண்ட துணி உறை. அதுவரை சர்க்கஸ்காரனும் சிப்பாயும் செய்த காரியத்தைப் பல் மருத்துவரும் கல்லூரி மாணவியும் செய்யலாம் என்று ஆக்கியவர் அவர்தான். 1962-இல் உலகப் போட்டியே அந்த ஊருக்கு வந்தது.

வியாபாரி என்று இஸ்டெலைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் அவர் கட்சி. காசு வாங்கிக்கொண்டாலும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார். இலவசமாகத் தாறுமாறாகச் சொல்லிக்கொடுத்தவர்களால்தான் கால்கள் உடைந்தன. பிற்காலத்தில் மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கலிஃபோர்னியாவின் பாலைவனத்தில், மனைவி ஃபெலிசியாவின் பேரில் 'ஃபெலிசிட்டி' என்று ஒரு ஊரை உண்டாக்கி அதற்கு மேயர் ஆனார். அங்கே ஒரு பிரமிடு கட்டி, உலகத்தின் மையம் இதுதான் என்று உள்ளே ஒரு புள்ளி வைத்தார். முதலில் அதைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு டிராகன் கதை எழுதினார். அப்புறம் 1985-இல் இம்பீரியல் மாவட்ட நிர்வாகத்தையே அந்த மையத்தை ஒப்புக்கொள்ள வைத்தார். ஈஃபில் கோபுரத்தின் பழைய படிக்கட்டில் ஒரு துண்டை வாங்கிவந்து மணலில் நிறுத்தினார். மனித வரலாற்றைக் கருங்கல் பலகைகளில் செதுக்கச் சொல்லி வரிசையாக நட்டார். தரையில் ஒரு புள்ளி வைத்து அதன்மேல் விழக் கற்றுக்கொடுத்தவர், கடைசியில் உலகத்துக்கே புள்ளி வைத்துவிட்டார்.

இந்த வாரம் சதுரக் குடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன், மறக்கவில்லை. நடுவில் 'பிசி' என்ற ஒன்று நிற்கிறது. அதைத் தாண்டிப் போனால் பெரியவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

பிசி என்றால் பாரா-கமாண்டர். அமெரிக்கச் சரக்கு என்றே பலரும் நினைக்கிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. மூளை பிரெஞ்சுக்காரருடையது. பியர் லெமோய்ன் என்ற பொறியாளர் அறுபதுகளின் தொடக்கத்தில் குடையின் உடம்பு முழுக்கப் பிளவுகள் வைத்துத் தைத்து, அதை வண்டியில் கட்டி இழுத்து, ஆளை மேலே ஏற்றிக் காட்டினார். இறங்குவதற்காகப் பிறந்த பாராசூட் ஏறியது! அந்த உரிமையை விலைக்கு வாங்கியது அடலைன் கிரேயின் பயோனியர் கம்பெனி. 1964 வாக்கில் பாரா-கமாண்டர் சந்தைக்கு வந்தது.

சி-9-இல் இருந்தது ஒரு வெட்டு. பிசியில் இட்லித் தட்டைவிட அதிகமான ஓட்டைகள். பின்பக்கத்தில் வரிசை வரிசையாக, பக்கவாட்டில் திருப்புவதற்கென்று தனியாக. உச்சியை நடுக்கயிறுகள் உள்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும், அதனால் குடை தட்டையாக அகன்று நிற்கும். பழைய சி-9-ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வேகம். இரண்டு கைப்பிடிகளையும் இழுத்தால் பிரேக். காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்கலாம், விட்டால் ஓடும். பத்து சென்டிமீட்டர் வட்டத் தட்டு ஒன்றைக் கூழாங்கல் குழியின் நடுவில் வைத்து, அதன்மேல் குதிகாலை நீட்டி வைக்கும் போட்டிகள் இதற்குப் பிறகுதான் சூடு பிடித்தன. செக்கோஸ்லோவாக்கியாவும் சோவியத் யூனியனும் தத்தம் ஓட்டைக் குடைகளோடு வந்து மோதின. சோவியத்தின் யூ.டி.-15 பிசிக்குச் சளைத்ததே இல்லை.

பெரியவர்கள் பிசியைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடும். உறையிலிருந்து மெல்லத் திறக்கும், தப்புச் செய்தால் மன்னிக்கும், தரைக்குப் பக்கத்தில் பயந்துபோய் ஒரு கைப்பிடியை ஓங்கி இழுத்தாலும் ஆளைக் கொன்றுவிடாது என்பார்கள். வயதானவர்களின் ஏக்கம் என்று தள்ளிவிட முடியாத விஷயம் இது. இன்று குதிப்பில் நேரும் மரணங்களில் கணிசமான பங்கு, எந்தக் கோளாறும் இல்லாமல் முழுதாகத் திறந்த குடைக்குக் கீழேதான் நேர்கிறது. சிறிய, வேகமான சதுரக் குடையைத் தரைக்குப் பக்கத்தில் வெட்டித் திருப்பும்போது அது தலைகுப்புறப் பாய்கிறது. வட்டக் குடைக்கு அந்தத் திறமை கிடையாது. அதே சமயம் பெரியவர்கள் ஒன்றை வசதியாக மறந்துவிடுகிறார்கள். கயிறு ஒன்று குடைக்கு மேலே ஏறி, அதை நடிகை மே வெஸ்டின் பேர் வைத்த இரட்டைக் கோளமாக மாற்றிவிட்டால், வயிற்றில் கட்டிய ரிசர்வ் பொட்டலத்தைக் கையால் அள்ளி, சுழலும் திசை பார்த்து வீச வேண்டியிருந்தது. பழைய குடைக்குக் கீழே செத்தவர்கள் இந்த மேசைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பிசியின் பேர் அமெரிக்காவுக்குப் போனாலும் லெமோய்ன் வருத்தப்பட ஒன்றுமில்லை. கோவா கடற்கரையில் படகு இழுக்க, ஆள் மேலே போகிறாரே பாராசெயிலிங், அது அவருடைய ஓட்டைக் குடையின் நேர் வாரிசு.

பாரா-கமாண்டர் கடைக்கு வந்த அதே 1964-இல், அக்டோபர் 1 அன்று, ஃபுளோரிடாவின் போகா ரட்டோனில் பட்டம் செய்து பிழைத்த டொமினா ஜால்பெர்ட் ஒரு காப்புரிமை விண்ணப்பம் போட்டார். கியூபெக்கில் பிறந்தவர், அப்போது ஏறக்குறைய அறுபது வயது. அவர் வட்டத்தையே விட்டுவிட்டார். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே தடுப்புகள் வைத்து அறை அறையாகப் பிரித்து, பின்பக்கத்தை மூடித் தைத்தார். முன்பக்கத்தை மட்டும் திறந்து வைத்தார். காற்று அந்த வாய் வழியே நுழைந்து நிரம்பினால் துணி விமான இறக்கையாக நிற்கும். சதுரக் குடையின் தொடக்கம் இதுதான். 1966 நவம்பர் 15 அன்று காப்புரிமை கிடைத்தது.

ஆனால் அந்த இறக்கை திறக்கும்போது கொடுத்த அடி பயங்கரமானது. கயிறுகள் அறுந்தன, துணி கிழிந்தது, குதித்தவர்களின் தோளும் தொடையும் கன்றிப்போயின. எழுபதுகளில் ஒரு சின்னத் துணித் துண்டு அந்த அடியை அடக்கியது. அதிலிருந்து அடுத்த வாரம் தொடங்குவோம்.